கொயர் கீபோர்டிலிருந்து கச்சேரி பியானோவுக்கு: குமரி மாவட்டப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தில் கீபோர்டு வாசிக்கும் பிள்ளைகளுக்குப் பஞ்சமே கிடையாது. நாகர்கோவில், மார்த்தாண்டம், கருங்கல், குளச்சல் என்று எந்தப் பக்கம் போனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது ஓர் ஆலயத்தில் பத்தாம் வகுப்புப் பையனோ பெண்ணோ கொயருக்கு (ஆலயப் பாடகர் குழுவுக்கு) வாசித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். அவர்களில் சிலர் யூட்யூபில் ஒரு பியானோ கச்சேரியைத் தற்செயலாகப் பார்த்துவிட்டு, அப்புறம் தூக்கம் கெட்டு அலைவார்கள். பெரிய மேடை, ஒற்றைக் கருவி, முன்னால் தாள்கூட இல்லாமல் ஒன்றரை மணி நேரம் வாசிக்கும் ஓர் ஆள். 'இதற்கு நான் என்ன செய்யணும்?' என்று கேட்கும் அந்தப் பிள்ளைகளுக்கும், 'மக்களே, இத வச்சி என்ன ஜோலி கிடைக்கும்?' என்று கேட்கும் வீட்டுக்காரர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆலயத்தில் வாசித்த பழக்கம் பெரிய முதல், அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் கீபோர்டில் கை பழகிய விதத்தை ஏறக்குறைய அடியிலிருந்தே மாற்ற வேண்டியிருக்கும். இந்த இரண்டில் ஒன்றை மறந்தவர்கள்தான் பாதி வழியில் நின்றுபோகிறார்கள்.

வயது

மேடைக் கலைஞர்களில் பெரும்பாலானோர் ஐந்து முதல் எட்டு வயதுக்குள் தொடங்கியவர்கள். சீனாவின் லாங் லாங் மூன்று வயதில் தொடங்கினார். இதைக் கேட்டதும் பதினாறு வயதுப் பிள்ளையின் முகம் வாடிவிடும். அவர்களுக்கு நான் சொல்வது ஸ்வியாடோஸ்லாவ் ரிக்டரின் கதை. அவருடைய அப்பா ஒடெசா நகரத்து லூத்தரன் ஆலயத்தில் ஆர்கன் வாசித்தவர். ரிக்டர் பெரும்பாலும் தானாகவே கற்றுக்கொண்டு, அந்த ஊர் ஆப்பராவில் (மேற்கத்திய இசை நாடக அரங்கில்) பாடகர்களுக்குப் பக்கவாசிப்பு செய்துகொண்டிருந்தார். மாஸ்கோ கன்சர்வேட்டரியில் (உயர் இசைக்கல்லூரியில்) ஹைன்ரிக் நைகாவுஸ் என்ற ஆசிரியரிடம் சேர்ந்தது 1937-இல், 22 வயதில். பிற்பாடு 20ஆம் நூற்றாண்டின் மிகப் பெரிய பியானோ கலைஞர்களில் ஒருவரானார்.

ஆனால் ஒன்று. அந்த 22 வயதுக்குள் அவர் முழு ஆப்பராக்களின் இசைத் தாள்களையெல்லாம் பார்த்தவுடன் வாசிக்கும் அளவுக்குப் படித்திருந்தார். பதினெட்டு வயதில் முதல்முறையாக நொட்டேஷன் (தாளில் எழுதிய இசைக் குறிகள்) படிக்கத் தொடங்குபவருக்கு நல்ல ஆசிரியராகவும் பக்கவாசிப்பாளராகவும் ஆகும் வழி திறந்தேதான் இருக்கிறது. சர்வதேச மேடை அநேகமாகக் கிடைக்காது. இதை முன்கூட்டியே சொல்லாமல் கட்டணம் வாங்குபவரிடம் சேராதீர்கள்.

கருவி

61 கட்டைக் கீபோர்டு இந்த வேலைக்கு ஆகாது. பியானோவில் 88 கட்டைகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சுத்தியல். விரல் எவ்வளவு வேகமாக இறங்குகிறதோ அதற்கேற்ப ஒலி மாறும். கீபோர்டின் ஸ்பிரிங் கட்டையில் பழகிய விரலுக்கு அந்தக் கனமே தெரியாது.

தொடக்கத்துக்கு 88 கட்டைகளும் 'வெயிட்டட் ஹேமர் ஆக்ஷனும்' உள்ள டிஜிட்டல் பியானோ போதும். யமஹா, கேசியோ, ரோலண்ட், கவாய் எல்லாருமே செய்கிறார்கள். அடிப்படை மாடல் ஏறக்குறைய அரை லட்ச ரூபாய் ஆகும். கடையில் பார்க்க வேண்டியது மூன்றே விஷயம். கட்டையை மெதுவாக அழுத்தினால் மெல்லிய ஒலி வருகிறதா? கூடவே தரும் பெடல் வெறும் சுவிட்சா, பாதி அழுத்தினால் பாதி வேலை செய்கிற பெடலா? ஸ்டாண்டில் வைத்து உட்கார்ந்தால் முழங்கை கட்டையின் மட்டத்துக்கு வருகிறதா? இருநூறு ஸ்டைல் (தானாக ஓடும் பின்னணி இசை), ஐந்நூறு டோன் என்று விற்பனையாளர் சொல்வதையெல்லாம் காதிலேயே வாங்க வேண்டாம். ஹெட்போன் மாட்டி ராத்திரி பத்து மணிக்கும் வாசிக்கலாம் என்பதுதான் டிஜிட்டலின் உண்மையான லாபம். பக்கத்து வீட்டுக்காரரும் நிம்மதியாகத் தூங்குவார்.

இசைத் தேர்வுகளில் ஐந்தாறு கிரேடு (படிநிலை) தாண்டியபின் நிஜப் பியானோ கைக்குக் கிடைக்காமல் முன்னேற முடியாது. அங்கேதான் நம்முடைய ஊர் சோதிக்கும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்கும் மாவட்டம் இது. கடற்கரையோரம் போனால் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். பியானோ என்பது மரம், கம்பளிப் பட்டை, எஃகுக் கம்பி மூன்றும் சேர்ந்தது. சுமார் 230 கம்பிகள், மொத்தம் 15 டன்னுக்கும் மேலான இழுவையில் நிற்கின்றன. காற்றில் ஈரம் ஏறினால் மரம் ஊதும், சுருதி ஏறும், கட்டைகள் ஒட்டிக்கொண்டு எழும்பாது. ஈரம் இறங்கினால் சுருதியும் இறங்கும். 40 முதல் 60 சதவீத ஈரப்பதம் இதற்கு நல்லது. அடைமழை நாளில் குலசேகரத்துப் பக்கம் ஒரு வீட்டுக்குள் எவ்வளவு இருக்கும் என்று நான் சொல்லவே வேண்டாம்.

பழைய அப்ரைட் (கம்பிகள் நெட்டுக்குத்தாக நிற்கும் பியானோ) ஒன்று விலைக்கு வருகிறது என்று யாராவது சொன்னால், பகலில் ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். முதலில் இடது கோடியிலிருந்து வலது கோடி வரை 88 கட்டையையும் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். அழுத்தியது உடனே மேலே வர வேண்டும். ஒரே கட்டையில் இரண்டு மூன்று ஒலி கேட்டால், அந்தச் சுருதிக்குரிய கம்பிகள் ஒன்றோடொன்று சேரவில்லை என்று அர்த்தம். அது ட்யூனிங்கில் (சுருதி சேர்ப்பதில்) சரியாகலாம். அப்புறம் மேல் மூடியைத் திறந்து உள்ளே வெளிச்சம் அடியுங்கள். கம்பி சுற்றியிருக்கும் பின்களில் துரு பொரிந்திருக்கிறதா, சுத்தியலின் முனையில் கம்பித் தடம் ஆழமாகப் பதிந்திருக்கிறதா, பட்டையைப் பூச்சி அரித்திருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாகக் கீழ்ப் பலகையைக் கழற்றச் சொல்லுங்கள். கறையான் மண் தெரிந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். பின் தளர்ந்துபோன பியானோ ட்யூனிங்கைத் தாங்காது. அதைக் கண்டுபிடிக்க ட்யூனர்தான் வேண்டும். அவர் வெளியூரிலிருந்து வர வேண்டியிருந்தாலும் வண்டிக் கூலி கொடுத்துக் கூட்டிக்கொண்டு போங்கள். வாங்கியபின் அழுவதைவிட அது மலிவு.

வீட்டில் வைக்கும்போது மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் சாய்க்காமல் உள்சுவரோரம் வையுங்கள். நேர்வெயில் படக் கூடாது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றை மேலே வைத்துவிட்டால் என்ன நடக்கிறதென்று தெரியும். ஆண்டுக்கு இரண்டு முறை ட்யூனிங். வடகிழக்கு மழை முடிந்து ஜனவரியில் ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. இன்னொன்று, பள்ளி, கல்லூரி, ஆலயம், ஹோட்டல் எங்காவது பியானோ துணி போர்த்திக் கிடக்கிறதா என்று விசாரியுங்கள். ட்யூனிங் செலவை நாங்கள் ஏற்கிறோம், வாரம் சில மணி நேரம் பிள்ளை வாசிக்கட்டும் என்று கேட்டால் ஒத்துக்கொள்பவர்கள் உண்டு.

ஆசிரியர்

சான்றிதழைவிட மூன்று கேள்விகள் முக்கியம். அவர் உங்கள் முன்னால் வாசித்துக் காட்டுவாரா? அவருடைய மாணவர்களில் யாராவது உயர்ந்த கிரேடுகளைத் தாண்டியிருக்கிறார்களா? பிள்ளையின் தோள், மணிக்கட்டு, விரல் எப்படி இருக்கிறதென்று கவனித்துத் திருத்துகிறாரா, இல்லை பாட்டை மட்டும் முடித்துத் தருகிறாரா? மூன்றாவதுக்கு 'இல்லை' என்றால் வேறு இடம் பாருங்கள்.

மாவட்டத்துக்குள்ளேயே ஆரம்பப் பாடத்துக்கு ஆள் கிடைப்பார்கள். மேல்நிலைக்கு வரும்போது சென்னையைவிடத் திருவனந்தபுரம் நமக்குப் பக்கம். காலையில் ரயிலேறிப் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம். வாரம் ஒரு ஆன்லைன் வகுப்பு, மாதம் ஒரு நேர்வகுப்பு என்று கலந்து செய்வதும் நல்ல ஏற்பாடுதான். ஆன்லைனில் கேமரா முகத்துக்கு வேண்டாம். பக்கவாட்டில், கையும் முழங்கையும் தெரியும்படி வையுங்கள்.

கையையும் கண்ணையும் மாற்றுவது

ஆலயத்தில் வாசிப்பவருக்கு மூன்று பழக்கங்கள் இருக்கும். பாடுபவரின் சுருதிக்கு ட்ரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திவிட்டு எப்போதும் சி மேஜரிலேயே வாசிப்பது. இடது கையில் கார்ட் (ஒன்றாக ஒலிக்கும் சுரங்கள்) பிடித்துவிட்டு மிச்சத்தை ஸ்டைலிடம் விட்டுவிடுவது. காதால் கேட்டே எல்லாவற்றையும் எடுத்துவிடுவது. மூன்றாவது பழக்கம் வரம், அதைக் காப்பாற்றுங்கள். முதல் இரண்டையும் இன்றைக்கே நிறுத்த வேண்டும். பியானோவில் ட்ரான்ஸ்போஸ் பொத்தான் கிடையாது. பன்னிரண்டு மேஜர், பன்னிரண்டு மைனர் ஸ்கேலும் கையிலேயே இருக்க வேண்டும்.

கொயரில் டானிக் சோல்ஃபாவில் (டோ, ரே, மி என்று சுரங்களை எழுத்தில் எழுதும் முறை) பழகியவர்களுக்கு ஒரு வசதி உண்டு. சுரங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி அவர்களுக்கு ஏற்கெனவே மனதில் பதிந்திருக்கும். ஸ்டாஃப் நொட்டேஷனில் அதையே ஐந்து கோட்டில் பார்க்கப் பழகுவதுதான் வேலை. இதற்குத் தினமும் கால் மணி நேரம், இதுவரை பார்க்காத எளிய பாடமொன்றை மெதுவாக, நிறுத்தாமல் வாசித்துப் பழகுங்கள். தப்பு வந்தாலும் நிற்கக் கூடாது. பாமாலையின் (ஆலயப் பாட்டுப் புத்தகம்) நான்கு குரல் நொட்டேஷன் கிடைத்தால் அதைவிட நல்ல சைட் ரீடிங் (பார்த்தவுடன் வாசிக்கும் பயிற்சி) புத்தகம் வேண்டாம்.

இடது கையை எழுப்ப நான் முதலில் கொடுப்பது ஜெர்மன் இசையமைப்பாளர் பாகின் இரண்டு குரல் இன்வென்ஷன்களில் (சிறு பயிற்சிப் படைப்புகள்) முதலாவது. வலது கை ஒரு சின்ன ஓய்வுக்குப் பிறகு 'டோ ரே மி ஃபா ரே மி டோ சோ' என்று தொடங்கும். பாதி பார் (தாளத்தின் ஓர் ஆவர்த்தம்) போனதும் இடது கை அதே வரியை ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) கீழே எடுக்கும். வலது கை அப்போது சும்மா இருக்காது, வேறொன்றை வாசித்துக்கொண்டிருக்கும். இதுவரை கார்ட் மட்டுமே பிடித்த இடது கைக்கு இங்கே முதன்முதலாகப் பாட வேண்டிய கட்டாயம் வருகிறது. பயிற்சி இப்படி: இடது கையை மட்டும் மெட்ரோனோமில் (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 50 தட்டு வைத்து இரண்டு பார். அப்புறம் இடது கை வாசிக்க, வலது கையின் வரியை வாயால் பாடுங்கள். அடுத்து மாற்றிப் பாடுங்கள். அதற்குப் பிறகுதான் இரண்டு கையும் சேர வேண்டும். கொயரில் டெனர் வரியைப் பாடிய பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும். மற்றவர்களுக்கு இரண்டு வாரம் பிடிக்கும், பரவாயில்லை.

(ஆரம்பப் புத்தகங்களில் பாக் எழுதியதாக வரும் ஜி மேஜர் மினுவெட் உண்மையில் கிறிஸ்டியான் பெட்சோல்டு எழுதியது. பிள்ளைகளிடம் சரியான பெயரையே சொல்லிவிடலாம்.)

நேரம் எவ்வளவு? தொடக்கத்தில் தினமும் அரை மணி. மேடைதான் இலக்கு என்று முடிவானபின் பதின்ம வயதில் மூன்று நான்கு மணி நேரம், ஒரே மூச்சில் இல்லாமல் 45 நிமிடத் துண்டுகளாக. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு ஆண்டுகளில் இது குறையும். முழுக்க நிறுத்தாமல் ஒரு மணி நேரமாவது காப்பாற்றினால் விரல் தாக்குப்பிடிக்கும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். வலி வந்தால் நிறுத்துங்கள். 'வலிச்சாத்தான் விரல் பலப்படும்' என்று சொல்பவரை நம்ப வேண்டாம். இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமன் கை கெட்டுப் பியானோ வாசிப்பையே இழந்து, முழுநேரமும் இசை எழுதப் போனார்; விரலைப் பலப்படுத்தப்போய் வந்த வினை என்று பலர் சொல்வார்கள். அமெரிக்கக் கலைஞர் லியோன் ஃப்ளைஷருக்கு 1960-களில் வலது கை விரல்கள் கட்டுப்பாட்டை இழந்தன. பல பத்தாண்டுகள் இடது கைக்கான படைப்புகளையே வாசித்துக்கொண்டிருந்தார்.

கிரேடு தேர்வுகள்

லண்டன் டிரினிட்டி காலேஜ், ஏபிஆர்எஸ்எம் என்ற இரண்டு பிரிட்டிஷ் அமைப்புகளின் இசைத் தேர்வுகளும் இந்தியாவில் நடக்கின்றன. இரண்டிலும் எட்டு கிரேடுகள். டிரினிட்டியில் 100-க்கு 60 தேர்ச்சி, 87 டிஸ்டிங்க்ஷன். ஏபிஆர்எஸ்எம்மில் 150-க்கு 100 தேர்ச்சி, 130 டிஸ்டிங்க்ஷன். ஏபிஆர்எஸ்எம்மில் ஆறாம் கிரேடுக்குமுன் ஐந்தாம் கிரேடு தியரி முடித்திருக்க வேண்டும். டிரினிட்டியில் அப்படி நிபந்தனை இல்லை. வீடியோ அனுப்பி எழுதும் வழி இரண்டிலும் வந்துவிட்டதால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அலைச்சல் குறைவு.

ஆண்டுக்கு ஒரு கிரேடு என்று ஓடுவது வீட்டுக்காரர்களுக்குப் பெருமை, பிள்ளைக்கு நஷ்டம். மூன்று பாட்டை ஒரு வருடம் அரைத்துவிட்டு வேறெதுவும் தெரியாமல் எட்டாம் கிரேடு முடித்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு கிரேடுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் தேர்வில் இல்லாத பத்துப் படைப்புகளாவது வாசித்திருக்க வேண்டும். காப்புரிமைக் காலம் முடிந்த நொட்டேஷன்கள் ஐஎம்எஸ்எல்பி தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

மேடை

மேடைக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. கிறிஸ்மஸ் கேரல் ஆராதனை, பள்ளி ஆண்டுவிழா, ஆசிரியர் வீட்டு முன்னறை எல்லாமே மேடைதான். காணிக்கை நேரத்தில் ஐந்து நிமிடம் ஒரு பாக் வாசிக்கட்டுமா என்று ஆயரிடம் கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். மனப்பாடமாக வாசிப்பதையும் அங்கேயே பழகலாம். பார்க்காமல் வாசிப்பதை வழக்கமாக்கியவர்களில் 19ஆம் நூற்றாண்டுப் பியானோ கலைஞர்கள் லிஸ்ட்டும் கிளாரா ஷூமனும் முக்கியமானவர்கள். ரிக்டரோ கடைசிக் காலத்தில் அரங்கத்தை இருட்டாக்கி, ஒரு சின்ன விளக்கு வெளிச்சத்தில் தாளைப் பார்த்தேதான் வாசித்தார். ஆனால் போட்டிகளிலும் ஆடிஷன்களிலும் (கல்லூரியில் சேர வாசித்துக் காட்டும் தேர்வு) பெரும்பாலும் மனப்பாடமாகவே வாசிக்கச் சொல்வார்கள்.

வயலின்காரர் தன் கருவியைக் கையோடு கொண்டுபோவார். பியானோக்காரருக்கு அந்த அரங்கில் எது கிடக்கிறதோ அதுதான். புகழ்பெற்ற பியானோ கலைஞர் ஹொரோவிட்ஸ் மாதிரி தன் பியானோவையே ஊர் ஊராக ஏற்றிச் சென்றவர்கள் அபூர்வம். ஆகவே எங்கே போனாலும் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் நாற்காலி உயரம், பெடலின் ஆழம், எந்தக் கட்டை ஒட்டுகிறது என்பதையெல்லாம் பார்த்துவிடுங்கள். கொயர் கீபோர்டுக்காரர்கள் இந்தச் சமாளிப்பில் ஏற்கெனவே கில்லாடிகள்.

ஜோலி

வீட்டுக்காரர்களின் கேள்விக்கு வருகிறேன். சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவில் வயலினுக்கு இருபது முப்பது இடம் இருக்கும். பியானோவுக்கு நிரந்தர இடம் அநேகமாகக் கிடையாது. 2006-இல் மும்பை என்சிபிஏ கலை அரங்கில் தொடங்கிய சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா போன்ற குழுக்களிலும் கான்செர்ட்டோ (ஆர்க்கெஸ்ட்ராவோடு தனிக்கருவி சேரும் படைப்பு) வாசிக்கும் பியானோ கலைஞர் விருந்தாளியாகத்தான் வருவார். வெளிநாட்டில் பெயர்பெற்றவர்களிலும் பலர் இசைக்கல்லூரிப் பேராசிரியர்கள். மேலாளர் ஏற்பாடு செய்யும் கச்சேரியென்றால் அவருடைய பங்கும் சம்பளத்திலிருந்தே போகும்.

ஆகவே திட்டம் இப்படி இருக்கட்டும். பாடம் சொல்லிக்கொடுப்பது, பக்கவாசிப்பு இரண்டும் அடிப்படை வருமானம். வயலினும் வாய்ப்பாட்டும் தேர்வெழுதும் பிள்ளைகளுக்குப் பக்கவாசிப்புக்கு ஆள் தேவை. பார்த்தவுடன் வாசிக்கத் தெரிந்தவருக்கு அந்த வேலை வந்துகொண்டே இருக்கும். கொயர் பயிற்சி, திருமணங்கள், டிசம்பர் மாத நிகழ்ச்சிகள், ஸ்டூடியோ வேலை எல்லாம் அதன்மேல். தனிக்கச்சேரி இந்த அடித்தளத்தின்மேல் மெல்ல மெல்ல வளரும். முதல் நாளே தனிக்கச்சேரியில் பிழைக்க நினைப்பவர்கள் இரண்டே வருடத்தில் வளைகுடாவுக்கு விசா தேடுவார்கள்.

மேற்படிப்பு

முதல் நிலையம் சென்னை. அண்ணா சாலையில் 1842 முதல் இருக்கும் மியூசி மியூசிகல், 2008-இல் ஏ.ஆர்.ரஹ்மான் தொடங்கிய கே.எம். இசைக் கன்சர்வேட்டரி இரண்டையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பன்னிரண்டாம் வகுப்பை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட வேண்டாம். வெளிநாட்டு இசைக்கல்லூரிகளும் அந்த மதிப்பெண் பட்டியலைக் கேட்கும்.

ஆசியாவின் ஒரு மூலையிலிருந்து இது நடக்குமா என்று கேட்பவர்களுக்கு வியட்நாம் பியானோ கலைஞர் டாங் தாய் சோன் பதில். ஹனோயில் பிறந்து, குண்டுவீச்சுக்கு ஒதுங்கிய கிராமத்தில் தாயிடம் பியானோ கற்றவர். 1980-இல் வார்சாவின் ஷோப்பன் போட்டியில் முதல் பரிசு வாங்கினார். அந்தப் பரிசை வாங்கிய முதல் ஆசியர் அவர்தான்.

ஆடிஷனுக்குப் பொதுவாகக் கேட்பது ஒரு பாக் பிரெலூட்–ஃபியூக், ஹைடன் அல்லது மோட்சார்ட் அல்லது பேத்தோவன் சொனாட்டா ஒன்று, ஓர் எட்யூட் (விரல் திறனுக்கான பயிற்சிப் படைப்பு), ரொமான்டிக் காலத்து (19ஆம் நூற்றாண்டு) படைப்பு ஒன்று, 20ஆம் நூற்றாண்டுப் படைப்பு ஒன்று. இதோடு தியரியும் காதுத் தேர்வும் இருக்கும். இந்தப் பட்டியல் தயாராக இரண்டு ஆண்டுகள் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியின் அரசு இசைக்கல்லூரிகளில் கட்டணம் குறைவு. பாடன்–வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மாணவர் விசாவுக்குப் பொதுவாக வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டிய தொகை 2024 நிலவரப்படி ஆண்டுக்கு 11,904 யூரோ. இது அவ்வப்போது உயரும். ஜெர்மன் மொழியும் வேண்டும், ஆகவே பத்தாம் வகுப்பு முடிந்ததுமே அதைத் தொடங்கிவிடலாம். அமெரிக்காவில் கர்டிஸ் இன்ஸ்டிட்யூட் 1928 முதல் கல்விக் கட்டணமே வாங்குவதில்லை; இடங்களும் அதற்கேற்ற மாதிரி மிகக் குறைவு.

பிரிட்டன் கன்சர்வேட்டரிகளில் பலவற்றுக்கும் பொது விண்ணப்பம் அக்டோபர் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். அது அடுத்த ஆண்டு செப்டம்பரில் தொடங்கும் படிப்புக்கு. ஜெர்மனிக்குப் பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில் விண்ணப்பம், மே, ஜூனில் ஆடிஷன். முதல் கட்டத்துக்குப் பல இடங்களில் வீடியோ கேட்பார்கள். அதை டிஜிட்டலில் எடுத்து அனுப்பாதீர்கள். ட்யூனர் வந்துபோன வாரத்தில், மழை இல்லாத நாளில், நிஜப் பியானோவில், வெட்டி ஒட்டாமல் ஒரே ஓட்டமாகப் பதிவு செய்யுங்கள். நம் ஊர்க் கணக்குக்கு ஜனவரி, பிப்ரவரி இதற்குத் தோது. பிரிட்டனுக்கு என்றால் அதற்கு முந்தைய ஜனவரியிலேயே எடுத்து வைத்துவிட வேண்டும்.